ரிக் சும்மா நின்ன ஒன்பது நாள்

போன டிசம்பர் லீவுல ஒரு அபார்ட்மென்ட் சைட்ல இன்டர்ன்ஷிப். மாத்தின பைல் லேஅவுட் டிராயிங் வராததால பைலிங் ரிக் ஒன்பது நாள் சும்மா நின்னுச்சு. வாடகை மட்டும் ஓடிட்டே இருந்தது. "லெட்டர் போடலையா சார்?"னு கேட்டேன். "கிளையன்ட் நல்ல மனுஷன்பா, ஃபைனல் பில்லுல பேசிக்கலாம்"னார் சைட் இன்ஜினியர். அப்புறம் கான்ட்ராக்டை எடுத்துப் பார்த்தா, 28 நாளுக்குள்ள நோட்டீஸ் தரணும்னு இருக்கு. நாங்க பார்த்தது 41-ஆவது நாள்.

கான்ட்ராக்ட் மேனேஜ்மென்ட் எலெக்டிவ்வை மார்க் வரும்னு எடுத்தவங்கதான் நம்ம கிளாஸ்ல அதிகம். நானும்தான். அதனால கொஞ்சம் சொல்றேன்.

க்ளெய்ம்னா சண்டை இல்ல. ஒப்பந்தப்படி நமக்குச் சேர வேண்டிய நாளையோ பணத்தையோ கேட்கிறது, அவ்வளவுதான். அதை எதிர்த்தரப்பு மறுத்து, நாமளும் விடாம நின்னாதான் டிஸ்ப்யூட். பல நாடுகள்ல பயன்படுற ஃபிடிக் ரெட் புக்கோட 1999 பதிப்புல 20.1-ஆவது பிரிவு இதைக் கறாரா சொல்லுது: விஷயம் தெரிஞ்ச, இல்ல தெரிஞ்சிருக்க வேண்டிய நாள்லேருந்து 28 நாளுக்குள்ள கான்ட்ராக்டர் நோட்டீஸ் தரலைன்னா கூடுதல் நாளும் கிடையாது, பணமும் கிடையாது. 2017 பதிப்புல இந்தக் கெடு ஓனருக்கும் உண்டு.

நம்ம ஊர் அரசு வேலைகள்ல ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர்னு ஒண்ணு வைப்பாங்க. தடை என்னைக்கு ஆரம்பிச்சது, என்னைக்கு நீங்கினது, எந்த வேலை நின்னதுன்னு எழுதி ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும். இதுல எல்லாரும் சொதப்புற இடம் கூட்டல். டிராயிங்குக்கு 9 நாள், மழைக்கு 4 நாள். ஆனா மழையில 3 நாள் அந்த ஒன்பதுக்குள்ளேயே வந்துட்டா மொத்தம் 13 இல்ல, 10தான். அதோட, நின்ன வேலை கிரிட்டிக்கல் பாத்ல இருக்கணும். ஃப்ளோட் இருக்கிற வேலை நின்னதுக்கு நாள் கேட்டா பொதுவா தரமாட்டாங்க. அதே நாள்ல நம்ம ரிக்கே ரிப்பேர்ல இருந்திருந்தா பணம் கேக்குறது இன்னும் கஷ்டம்.

ஓனருக்கும் இதே பாடம்தான். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 55-ஆவது பிரிவைப் படிங்க. நேரம் முக்கியம்னு போட்ட ஒப்பந்தத்துல, லேட்டா முடிஞ்ச வேலையை ஏத்துக்கும்போதே "நஷ்டஈடு கேட்பேன்"னு நோட்டீஸ் தரலைன்னா பின்னாடி கேட்க முடியாது.

லெட்டர்னதும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி நினைச்சு பயப்பட வேண்டாம். "மாத்தின பைல் டிராயிங் இன்னும் வரவில்லை. இந்தத் தேதியிலிருந்து ரிக் நிற்கிறது. இந்தப் பிரிவின்படி இது எங்கள் நோட்டீஸ். எத்தனை நாள், எவ்வளவு செலவு என்ற விவரம் பின்னர் அனுப்புகிறோம்." நாலே வரி. மெயில்ல அனுப்பிட்டு, சாயங்காலம் அதே கிளையன்ட்டோட டீ குடிக்கலாம்.