உங்களுக்குத் தெரியுமா? காப்பாற்றத்தான் மூழ்கடிக்கிறார்கள்!

டாங்கிகளைக் கரையில் இறக்கும் கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். குல்தார். ஓய்வுபெற்ற அதை அருங்காட்சியகமாக்க மகாராஷ்டிரம் தேர்ந்தெடுத்த வழி: கடலில் மூழ்கடிப்பது!

• இடம், சிந்துதுர்க் மாவட்டத்தின் நிவதி பாறை அருகே. முக்குளிப்பவர்கள் சுற்றிப் பார்க்கலாம். இரும்பில் பவளம் பற்றும், மீன்கள் குடியேறும். நீந்தத் தெரியாதவர்கள் வருந்த வேண்டாம், நீர்மூழ்கிச் சவாரியும் திட்டத்தில் உண்டு.

• குல்தார் போலந்தில் பிறந்து 1985இல் படையில் சேர்ந்தது. 2024 ஜனவரி 12இல் போர்ட் பிளேரில் ஓய்வு. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் காக்ஸ் பஜார் கரையிறக்கத்துக்குப் போனது இதே பெயர் தாங்கிய மூத்த கப்பல்.

• நீருக்கு மேலே பார்க்க ஆசையா? அமெரிக்காவின் எவன்ஸ்வில் நகரில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து டாங்கி இறக்கும் கப்பலான எல்.எஸ்.டி. 325 இன்றும் மிதக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். கிரேக்கக் கடற்படை கழித்துவிட்ட கப்பல் அது. 2000 நவம்பரில் கிரீட் தீவிலிருந்து கிளம்பி, குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து, 2001 ஜனவரியில் அமெரிக்கா கொண்டுசேர்த்தவர்கள் அந்நாட்டு முன்னாள் படைவீரர்கள். சராசரி வயது 72! வீட்டில் எப்படித்தான் அனுப்பினார்களோ.

• இக்கப்பல்களின் முன்பாகத்தில் கதவு. மூக்கை மணலில் ஏற்றித் திறந்தால் டாங்கி நேராகக் கரையிறங்கும். துறைமுகமே தேவையில்லை.