உண்டியலில் கடன் வாங்கும் அம்மாக்கள்

ஒக்டோபர் பிறந்தால் வங்கிகளுக்குப் பிள்ளைகள் மேல் தனிப் பாசம். முதலாம் திகதி சிறுவர் தினம், 31ஆம் திகதி உலக சிக்கன தினம். கணக்கில் காசு போட்டால் தண்ணீர்ப் போத்தல், கூடப் போட்டால் புத்தகப் பை. கொழும்பு முகத்துவாரத்து அம்மாமாரும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். நிற்கட்டும். பிள்ளை காசைப் பற்றிப் படிப்பதென்னவோ வீட்டு அலுமாரிக்கு மேலிருக்கும் உண்டியலில்தான்.

அந்த உண்டியலில் முதலில் கை வைப்பது யார்? கவிழ்த்துப் பிடித்து, துளைக்குள் கத்தி நுனியை விட்டு, தாள் காசை மட்டும் மெல்ல இழுத்தெடுக்கும் வித்தை இங்கே பல வீடுகளில் கைவந்த கலை. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிக் கடல் குழம்பினால் மீன்பிடித் துறைமுகத்தை நம்பிய வீடுகளில் வரும்படி விழுந்துவிடும். பாணுக்கு, ரியூசன் காசுக்கு, போனுக்கு ரீலோட் போட உண்டியல் இறங்கிவரும். “பிறகு வைக்கிறன் மகன்.” அந்தப் பிறகு வருவதேயில்லை. ஜூன் 13, கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கென்று சேர்த்த பிள்ளை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெறும் சில்லறை.

அம்மாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அடுப்பு எரியத்தானே வேண்டும்? ஆனாலும் வைத்த காசு காணாமல் போகும், வாங்கிய கடனைக் கொடுக்கத் தேவையில்லை என்ற இரண்டு பாடமும் ஒரே நாளில் பிள்ளைக்கு ஏறிவிடுகிறது. அடுத்த நாள் கிடைக்கும் நூறு ரூபாவை அது கன்டீனிலேயே முடித்துவிட்டு வந்தால் ஏசுவதற்கு நமக்கு வாய் இருக்கிறதா?

இத்தனைக்கும் அதே அம்மா சீட்டுக்காசை ஒரு நாள் பிந்த விடமாட்டார். பன்னிரண்டு பேர், மாதம் 5,000 ரூபா, முறை வந்தால் கையில் 60,000. சீட்டுக்கென்று 1935இலேயே தனிக் கட்டளைச் சட்டம் வந்த நாடு இது. ஆனால் யாரும் சட்டத்துக்குப் பயந்து கட்டுவதில்லை. விடிந்தால் பக்கத்து வீட்டு அக்காவின் முகத்தில் விழிக்க வேண்டுமே! சீட்டுக் கொப்பியில் எழுதுகிற கையால் பிள்ளையிடம் வாங்கிய 500ஐயும் ஒரு வரி எழுதி வைக்கலாம். திகதி போட்டு, பிள்ளைக்கும் காட்டி.

வீட்டுக் கஷ்டம் பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்பார்கள் சில பெரியவர்கள். 2022இல் காஸ் வரிசையிலும் பால்மா வரிசையிலும் நின்ற பிள்ளைகளிடம் மறைக்க என்ன மிச்சமிருக்கிறது? அந்த செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். முந்திய வருடம் ஆயிரத்துக்கு வாங்கிய சாமான்களுக்குக் கிட்டத்தட்ட 1,700 கொடுத்தோம். அந்த முந்திய வருடத்தில் உண்டியலில் எடுத்த 500ஐ அன்று 500ஆகவே திருப்பி வைத்திருந்தாலும் பிள்ளைக்கு நட்டம்தான்.

ஆகவே கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். வட்டி கேட்டு நிற்கிற பிள்ளைகளும் உண்டு. கேட்கட்டும், வாசலில் வந்து நிற்கும் நாள் வட்டிக்காரரைவிடக் குறைவாகத்தான் கேட்கும்.