சுவரோவிய நிழற்படமும் வணிகப் பயன்பாடும்: இசைவு குறித்து ஒரு நோக்கு

ஜொகூர் மாநிலத்துப் பத்து பாகாட் நகரின் பெயருக்கு உளி கண்ட கல் என்பது பொருள். இன்று அந்நகரத்துக் கடைச்சுவர்களில் நம் கண்ணை ஈர்ப்பது உளியன்று, வண்ணம். அங்குப் பணிபுரியும் தமிழாசிரியர் ஒருவர், சுவரோவியம் ஒன்றைத் தம் கைப்பேசியில் படம்பிடித்து, பள்ளி நிதிக்காக விற்கவிருந்த நாட்காட்டியின் அட்டையில் இடலாமா என எம்மை வினவினார். படம் அவர் எடுத்தது, தெருவோ பொதுவிடம். எனின் யாரிடம் இசைவு பெறுவது?

நிழற்படத்தின் உரிமை வேறு, அதனுள் அடங்கிய ஓவியத்தின் உரிமை வேறு. சுவருக்கு உரியவர் ஓவியத்தின் பதிப்புரிமைக்கும் உரியவர் ஆகிவிடுவதில்லை. ஆயினும், மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டு வரைவித்த படைப்பின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, வரைவித்தவரையே சாரும். எனவே கடைக்காரரும் ஓவியரும் தம்முள் என்ன பேசிக்கொண்டனர் என்பது முதற்கண் அறியத்தக்கது.

இனி, அச்சட்டத்தின் 13(2)ஆம் பிரிவு பெரியதொரு விலக்கை அளிக்கின்றது. பொதுமக்கள் காணத்தக்க இடத்தில் நிலையாக அமைந்த கலைப்படைப்பைப் படியெடுப்பதும் அப்படிகளைப் பரப்புவதும் உரிமையாளரின் கட்டுப்பாட்டுக்கு உட்படா. வணிகநோக்கு கூடாது எனும் வரம்பு அச்சொற்களில் இல்லை. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டமோ இவ்விலக்கைக் கட்டடம், சிற்பம், கலைநயமிக்க கைவினை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கின்றது. ஓவியம் அதனுள் அடங்காது. இந்தியாவில், மும்பைச் சுவரோவியம் ஒன்று காப்புறுதி நிறுவனத்தின் விளம்பரப் பலகையில் இடம்பெற்றபோது, உரிமமின்றி அவ்வாறு எடுத்தாளல் தகாது என டில்லி உயர்நீதிமன்றம் 2023இல் முதல்நோக்கில் கருதியது. நம் நாட்டுச் சட்டம் படமெடுப்பவருக்கு இவற்றினும் தாராளமானது என்றே சொல்லவேண்டும்.

எனினும் 'நிலையாக' எனும் சொல் இடர் தருவது. லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் 2013 நவம்பரில் ஜொகூர் பாருவில் ஓவியம் ஒன்றை வரைந்தார். கைப்பையுடன் நடந்துவரும் லெகோ பொம்மைப் பெண். மூலையில் கத்தியுடன் காத்திருக்கும் திருடன். நகரத்தார் முகஞ்சுளித்தனரோ சிரித்தனரோ, மாநகர் மன்றம் அதே மாதத்தில் அதன்மேல் வண்ணம் பூசி மறைத்தது. சில நாளே நின்ற ஓவியம் நிலையானதா? சுவரில் அது இல்லை, நிழற்படங்களில் இருக்கின்றது.

அவர் 2012இல் பினாங்கின் ஆர்மேனியன் தெருவில் வரைந்த மிதிவண்டிச் சிறுவர் ஓவியம் சட்டையிலும் காந்த வில்லையிலும் அச்சேறி விற்பனையாயிற்று. அதனைத் தம் இசைவின்றி வானூர்தியின் மேற்புறத்தில் பயன்படுத்தியதாக 2025இல் ஏர் ஆசியா மீது அவர் வழக்குத் தொடுத்தார்.

நாம் ஊன்றி நோக்கவேண்டியது 25ஆம் பிரிவு. படைப்பாளியின் பெயரை மறைத்து வெளியிடுவதையும் அவர் மதிப்புக்கு ஊறு நேரும்படி படைப்பைச் சிதைப்பதையும் தடுக்கும் உரிமை, பதிப்புரிமை கைமாறிய பின்னரும், அவரிடமே உள்ளது. மேற்கோளுக்கு ஆசிரியர் பெயரைக் கேட்கும் நாம், ஓவியமென்றால் 'தெருவில் கிடைத்தது' என்று கூறிவிடுகின்றோம்.

ஆசிரியர் காட்டிய அட்டையை மூலப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அட்டையின் அளவுக்காக வெட்டப்பட்ட வலப்புற மூலையில்தான் ஓவியரின் கையொப்பம் இருந்தது. அதனை மீண்டும் சேர்க்குமாறும், அச்சிடுமுன் கடைக்காரரிடம் ஓவியரின் தொலைபேசி எண்ணைக் கேட்டுப் பேசுமாறும் கூறினோம்.