டிராக்டரில் மறைவாய்க் குறையும் ஜலம்

டிராக்டரின் ரேடியேட்டரில் வாரந்தோறும் அரை லிட்டர் ஜலம் குறைகிறது. தரையிலோ ஒரு துளியும் காணப்படுவதில்லை. குறைந்ததை நிரப்பிவிட்டு ஓட்டுவது பலரது வழக்கம். இது பெருநஷ்டத்துக்கு வழியாகும். யந்திரம் மிகச் சூடேறினால் சிலிண்டர் ஹெட் கோணிவிடும். உழவுக்காலத்தில் வண்டி பட்டறையில் நிற்கும். ஆதலின் விவசாயிகள் கசிவைப் பின்வருமாறு ஆராய்தல் நலம்.

1. யந்திரம் நன்கு ஆறிய பிறகே மூடியைத் திறந்து ஜலமட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சூடாயிருக்கையில் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.

2. மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா, குழாய் இணைப்புகளிலும் தண்ணீர்ப் பம்பின் அடியிலுள்ள சிறு துவாரத்திலும் வெண்மையான அல்லது பச்சையான கறை படிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கசிந்த நீர் சூட்டில் ஆவியாகிவிடும். கறை மட்டுமே எஞ்சும்.

3. எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தாலும், அதன் மட்டம் உயர்ந்திருந்தாலும், யந்திரம் சூடேறிய பின்னும் புகைக்குழாயில் வெண்ணிற ஆவி நிற்காமல் வந்தாலும் கசிவு உட்புறத்தில் இருக்கலாம். ஹெட் காஸ்கட் பழுதாயிருப்பது இதற்கு ஒரு முக்கிய காரணம். அத்துடன் வண்டியை ஓட்டலாகாது.

4. இவற்றால் தெரியாவிடில், மெக்கானிக்கைக்கொண்டு மூடியில் குறித்துள்ள அழுத்தம்வரை கைப்பம்பினால் காற்றேற்றிச் சோதிக்கவேண்டும். மானியின் முள் மெல்ல இறங்கினால் கசிவு உண்டென்பது உறுதி.

குளிர்விக்கும் திரவங்கள் பலவற்றில் எதிலீன் கிளைக்கால் கலந்துள்ளது. அது தித்திப்பானது, ஆயினும் கொடிய விஷம். வடித்த திரவத்தைக் கால்நடைகள் நாடும் இடத்தில் ஒருபோதும் கொட்டலாகாது.