மாடப்புறாத் தொல்லையும் தானியப் பாதுகாப்பும்

கமக்காரர் பாடுபட்டு விளைவித்த நெல், அரிசியாகி நகரத்துக் கடையை அடைந்த பின்னரும் காவல் வேண்டி நிற்கின்றது. கொழும்பின் கிருலப்பனை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில் அரிசிக் கடைகளும் வீடுகளும் மாடிக் கட்டடங்களும் நெருங்கி அமைந்துள்ளன. சிந்திய தானியமும் ஒதுங்க இடமும் ஒருங்கே கிடைக்கும் இத்தகைய இடங்களே மாடப்புறாக்களுக்கு உகந்தவை.

வளர்ந்த புறா ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 கிராம் தானியம் உண்ணும். அவ்வாறாயின் 100 புறாக்களுக்கு நாளொன்றுக்கு 3 கிலோகிராமும், ஆண்டொன்றுக்கு 1,000 கிலோகிராமுக்கு மேலும் வேண்டும். இதனுடன் எச்சமும் இறகும் கலந்து பழுதாகும் அரிசியையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

கட்டடத்தை நாடுவது ஏன்?

நகரத்துப் புறாவின் மூதாதை, பாறை வெடிப்புகளிற் கூடு கட்டும் காட்டு மாடப்புறாவாகும். திருக்கோணமலை மாவட்டத்தில் நிலாவெளிக் கரைக்கு அப்பாலுள்ள புறாத்தீவு இப்பறவையாலேயே பெயர் பெற்றது. 1963 ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்ட அத்தீவு, 2003 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே பாறை இடுக்கு எவ்வாறோ, நகரிலே கூரை இடுக்கும் யன்னல் மேல்விளிம்பும் அவ்வாறே.

கொல்வதாற் பயனில்லை

பெண் புறா ஒரு தடவையில் இரண்டு முட்டைகள் இடும். அவை ஏறக்குறைய 18 நாட்களிற் பொரிக்கும். உணவு குறையாதவிடத்து ஆண்டிற் பல தடவைகள் இவ்வாறு பெருகும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1961 முதல் 1985 வரை ஏறத்தாழ 1,00,000 புறாக்கள் கொல்லப்பட்டன. எனினும் ஏறக்குறைய 20,000 என்ற அவற்றின் தொகை குறையவில்லை. 1988 இல், புறாக்களுக்கு இரை இடலாகாது என்று மக்களுக்கு அறிவுறுத்தும் முயற்சி தொடங்கியது. நான்கு ஆண்டுகள் அளவில் அத்தொகை பாதியாயிற்று. ஆதலின் இரையைக் குறைப்பதே தலையாய வழியாகும். நஞ்சு வைத்தல் ஏனைய பறவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் கேடு விளைக்கும். அதனை அறவே தவிர்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. லொறியிலிருந்து மூடைகளை இறக்கியவுடன் சிந்திய தானியத்தைக் கூட்டி அள்ளுக. கிழிந்த சாக்கைத் தைத்த பின்னரே அடுக்குக.

2. களஞ்சியத்தின் காற்றுத் துவாரங்களையும் கூரை இடைவெளிகளையும் 5 சென்ரிமீற்றருக்கு மேற்படாத கண்ணுள்ள வலையால் அடைக்குக. அடைக்குமுன் உள்ளே குஞ்சுகள் இல்லையென உறுதிசெய்க.

3. புறா அமரும் விளிம்புகளில் 45 பாகைக்குக் குறையாத சரிவுடன் பலகை அல்லது தகடு பொருத்துக.

4. நெல்லை உலர்த்தும் தளத்தைக் காவலின்றி விடாதீர். பயறு, கௌபி விதைத்தவுடன் விதையை மண்ணால் நன்கு மூடுக. நாற்றுமேடைக்கு வலை இடுக.

5. மினுங்கும் நாடாவும் பொம்மையும் சில நாட்களே பயன்தரும். புறாக்கள் அவற்றுக்கு விரைவிற் பழகிவிடும்.

எச்சத்தை அகற்றும் முறை

உலர்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூசு எழும்பும். அத்தூசைச் சுவாசிப்பதால் நுரையீரல் நோய்கள் உண்டாகலாம். ஆதலின் முதலில் நீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் மறைக்கும் கவசமும் கையுறையும் அணிந்தே அகற்றுதல் வேண்டும். கோழி வளர்ப்போர் தீவனத் தொட்டியைப் புறாக்கள் அணுகாதவாறு காத்தல் அவசியம். ராணிக்கெட் நோயைப் புறாக்கள் பரப்பக்கூடும்.

புறா எச்சம் தழைச்சத்து மிக்க எருவாயினும், பச்சையாக இட்டால் பயிர் கருகும். நோய்க் கிருமிகளும் மரக்கறியிற் சேரும். வைக்கோலும் இலைதழையும் கலந்து குவித்து, நன்கு சூடேறி மக்கிய பின்னரே இடுக.

ஒரு கடைக்காரர் மாத்திரம் துப்புரவாக இருந்தாற் போதாது. அயலவர் இரை தூவுவாராயின் அவர் உழைப்பு வீணாகும். தெருவார் அனைவரும் ஒன்றுகூடித் தானியத்தைக் காப்பின், புறாக்களின் தொகை தானே குறையும். கமக்காரரின் விளைவும் உண்போரின் கலத்தை மாசின்றி அடையும்.