லயத்துப் புகையும் பிள்ளைகளின் மூச்சும்

டயகமவில் மழை பிடித்துக்கொண்டால் லயத்துக் கதவுகள் பகலிலேயே சாத்தப்படுகின்றன. உள்ளே கவ்வாத்து மிலாரும் ஈர விறகும் புகைகின்றன. அடுப்பருகில்தான் சூடு, ஆகவே கைக்குழந்தையும் அங்கேயே கிடக்கிறது. பிள்ளைக்குச் சளி கட்டி மூச்சு வாங்கினால், பனியில் கொண்டு திரிந்தாள் என்று தாயின் மீதே பழி விழுகிறது. நாமும் பல காலம் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

அடுப்பின் பக்கம் ஆய்வாளர்களைத் திருப்பியவர்களுள் முக்கியமானவர் பேராசிரியர் கேர்க் ஸ்மித். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் பணியாற்றி 2020 இல் காலமானார். 1980களின் தொடக்கத்திலேயே குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்தவர் இவர். பின்னர் குவாத்தமாலாவின் மலைநாட்டில், எமது தோட்டங்களைப் போலவே குளிரும் விறகடுப்பும் உள்ள ஊர்களில், 534 வீடுகளைத் தெரிந்து, சீட்டுக் குலுக்குவது போலப் பாதி வீடுகளுக்குப் புகைபோக்கியுள்ள அடுப்பைக் கொடுத்தது இவரது குழு. மற்ற வீடுகளுக்கு ஆய்வு முடிந்தபின் அடுப்பு கிடைத்தது. (கணக்கெடுத்துவிட்டு ஏழைகளை வெறுங்கையோடு விட்டுச்செல்லும் ஆய்வுகளைக் கண்டு சலித்த எமக்கு இது பெரிய விடயம்.)

முடிவுகள் 2011 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. பிள்ளைகள் சுவாசித்த காபனோரொட்சைட்டு பாதியாகக் குறைந்திருந்தது. மொத்த நியுமோனியா நோயில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்துபோகும் கடுமையான நியுமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

புகை செய்யும் வேலை இதுதான்: மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் சோர்கின்றன, காற்றுப்பைகளில் கிருமிகளை விழுங்கி அழிக்கும் கலங்கள் புகைத்துகள்களை விழுங்கியே களைத்துவிடுகின்றன. பிள்ளையின் நோய் எதிர்ப்புச் சக்தி, காவல் மிக வேண்டிய இடத்திலேயே தளர்கிறது.

அப்படியானால் எல்லோருக்கும் கேஸ் அடுப்பு கொடுத்தால் போதுமா? இதையும் சோதித்தார்கள். தமிழ்நாடு உட்பட நான்கு நாடுகளின் கிராமப்புறங்களில் 3,200 கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டு, பாதிப் பேருக்கு அடுப்பும் கேஸும் 18 மாதம் இலவசமாக வழங்கப்பட்டன. தமிழ்நாட்டுப் பணியை முன்னின்று நடத்தியவர் சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன். புகை வெகுவாகக் குறைந்தது. எனினும் குழந்தைகளின் கடும் நியுமோனியா குறையவில்லை என்று 2024 இல் அறிவித்தார்கள். மறைக்காமல் சொன்ன நேர்மையை மதிக்கிறோம். அடுப்பை மட்டும் மாற்றி, 10 அடிக்கு 12 அடி காம்பராவையும் நெரிசலையும் நிறை குறைந்த பிறப்பையும் அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதை எம்மவர் யோசிக்க வேண்டும். ஒரு வீட்டில் கேஸ் எரிந்தாலும், சுவர் கூரையை எட்டாத லயத்தில் பக்கத்து வீட்டுப் புகை உள்ளே வருகிறது. 2022 இல் கேஸ் தட்டுப்பட்டபோது நகரத்தவர்களே விறகுக்குத் திரும்பியதையும் கண்டோம்.

குவாத்தமாலாவில் களப்பணியாளர்கள் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைப் பார்த்தார்கள். அதில் ஒரு பகுதியை எமது தாய்மாரும் செய்யலாம். பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, அதன்பின் ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ வந்தால், அல்லது மூச்செடுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபட்டால், மறுநாள் பிரட்டு முடியட்டும் என்று காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.