கேன்ஸ் விழா: வாயிலும் விருதும்

பிரான்சு நாட்டுக் கடற்கரை நகரமாகிய கேன்ஸின் திரைப்பட விழா ஒரு கோபத்தில் பிறந்தது. 1938ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் முசோலினி பெயரால் அமைந்த முதற்பரிசு ஒரு ஜெர்மானியப் படத்திற்கும் ஓர் இத்தாலியப் படத்திற்கும் போயிற்று. சர்வாதிகாரிகளின் தலையீடு கண்டு வெகுண்ட பிரெஞ்சுக்காரர்கள் தனி விழா காண முனைந்தனர். 1939இல் போர் குறுக்கிட, 1946இல்தான் அது நடந்தேறியது. அவ்வாண்டு முதற்பரிசைப் பகிர்ந்துகொண்ட 11 படங்களுள் சேத்தன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’ ஒன்று என்பது நமக்குப் பெருமை.

தலைவரும் எண்மரும் கொண்ட நடுவர் குழுவே ‘தங்கப் பனை’ விருதை வழங்குகிறது. ஆயினும், நடுவரைவிட வாயிற்காவலரே வலியவர் என்பேன். முன்பெல்லாம் படங்களைப் பெரும்பாலும் அந்தந்த நாடுகளே தெரிந்து அனுப்பின. ஆட்சியாளருக்குப் பிடிக்காத படம் ஊரைவிட்டே புறப்படாது! 1972 முதல் விழாக் குழுவினரே தேர்ந்தெடுக்கின்றனர். போட்டிக்குள் நுழைபவை ஏறத்தாழ 20 படங்களே. பட்டியலில் இல்லாத படம் எவ்வளவு சிறந்ததாயினும் அந்த நடுவர் முன் வராது. (அறிவிப்புப் பலகையில் பெயர் தேடி நின்று இக்கல்லூரிக்குள் வந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?)

பக்கவாயில்களும் உண்டு. முதற்பட இயக்குநர்க்கு 1978 முதல் ‘தங்கக் கேமரா’ விருது இருக்கிறது. 1999இல் முரளி நாயரின் ‘மரண சிம்மாசனம்’ அதை வென்றது. அது முதன்மைப் போட்டியில் இடம்பெறாத படம். அப்போட்டியிலோ, 1994இல் ஷாஜி கருணின் ‘ஸ்வம்’ படத்திற்குப்பின் இந்தியப் படம் நுழைய 30 ஆண்டுகளாயின. 2024இல் நுழைந்த பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’, இரண்டாம் பெரும் விருதாகிய கிராண்ட் பிரீயுடன் திரும்பியது.